முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் சபையின் கணக்கில் வரவேண்டும்

பிரதேச சபைகளும் நகர சபைகளும் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்கும் காலம் இது. 2025 மே 6 ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் நாம் வரிசையில் நின்று வாக்களித்தோம். நமது தோட்டங்களைச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் பல கட்சிகளின் சார்பில் உறுப்பினர்களாகிச் சபைகளில் அமர்ந்திருக்கிறார்கள். பாதை, குடிநீர், விளையாட்டு மைதானம், கலாசார மண்டபம் என்று கோரிக்கைகள் சபைகளுக்குப் போகின்றன. எல்லாமே நமக்குத் தேவையானவைதான். ஆனால் அந்தப் பட்டியல்களில் இரண்டு பகுதியினரை அநேகமாகக் காணமுடிவதில்லை. ஒரு பகுதியினர் வேலையிலிருந்து நின்றுவிட்ட நமது முதியோர். மற்றப் பகுதியினர் நடக்க, பார்க்க, கேட்க, பேச இயலாத நமது மாற்றுத்திறனாளிகள். இந்த இதழில் அவர்களைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

ஏன் அவர்களின் பெயர் பட்டியலில் வருவதில்லை? அவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. வரமுடியாததால்தான் வருவதில்லை. லயத்திலிருந்து பிரதான பாதைக்கு வர ஐம்பது, நூறு படிகள் ஏறி இறங்க வேண்டிய தோட்டங்கள் எத்தனையோ இருக்கின்றன. அந்தப் படிகளும் வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் படிகள். மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும். பிடித்து நடக்க ஒரு கம்பி இருக்காது. முப்பது, நாற்பது வருடம் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கிய ஓர் அம்மாவின் முழங்கால் அறுபது வயதில் எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சீனி வியாதியால் காலை இழந்த ஐயா வாசல் திண்ணையோடு நின்றுவிடுகிறார். பிறவியிலேயே நடக்கமுடியாத பிள்ளையைத் தாய் இடுப்பில் சுமக்கிறாள். பிள்ளை பத்துப் பன்னிரண்டு வயதானதும் தாயாலும் சுமக்கமுடியாமல் போகிறது. அன்றோடு அந்தப் பிள்ளையின் பாடசாலையும் கிளினிக்கும் நின்றுவிடுகின்றன. நோய் முற்றினால் கதிரையில் வைத்தோ போர்வையில் கட்டியோ நான்கு இளைஞர்கள் தூக்கிக்கொண்டு பாதைக்கு ஓடுகிறார்கள். அந்த இளைஞர்களும் இப்போது கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். தூக்குவதற்கும் ஆள் இல்லை.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டு மக்களில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 12.4 சதவீதம். ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதமானோருக்கு ஏதோ ஒரு வகை இயலாமை இருந்தது. அதன் பிறகு முதியோர் தொகை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. உங்கள் டிவிசனில் எத்தனை பேர்? நாம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லாதவரை எந்தச் சபையும் அவர்களுக்காக ஒரு ரூபாவும் ஒதுக்காது.

தோட்டத்துக்குச் சபை வராததற்கு ஒரு நீண்ட கதை உண்டு. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தன் எல்லைக்குள் உள்ள பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வழிகள் ஆகியவற்றைச் சபையின் பொறுப்பில் வைத்தது. மக்களின் வசதியையும் நலனையும் பேணுவதும் சபையின் கடமை என்றது. ஆனால் அதே சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டத்துக்குக் கதவை மூடியது. சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புக்குச் செலவிட முடியாது என்றே பல வருடங்களாக நமக்குப் பதில் கிடைத்தது. நமது வாக்கு வேண்டும், ஆனால் நமது லயத்துக்கு ஒரு மின்குமிழ் போடமுடியாது என்ற நிலை அது. தோட்டக் காணிகள் உட்படப் பயிர்ச்செய்கைக் காணிகள் மீது ஏக்கர் வரி அறவிடும் அதிகாரமும் அதே சட்டத்தில் சபைக்கு இருந்தது என்பதை நாம் மறக்கக்கூடாது.

தொழிற்சங்கங்களும் மலையகப் பிரதிநிதிகளும் சிவில் அமைப்புகளும் தொடர்ந்து குரல் கொடுத்ததன் பயனாக 2018 ஆம் ஆண்டு அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. தோட்டங்களில் வாழும் மக்களுக்கும் பிரதேச சபை தன் பணத்தில் சேவை செய்ய வழி திறந்தது. நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய பிரதேச சபைகளும் அந்தக் காலத்தில்தான் உருவாகின. ஆகவே "இது தோட்டம், சபையால் செய்யமுடியாது" என்ற பழைய பதில் இன்று செல்லாது. யாராவது இன்னும் அப்படிச் சொன்னால், 2018 திருத்தத்தைப் பற்றிச் சொல்லுங்கள். எழுத்தில் பதில் கேளுங்கள்.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். எந்த வேலைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்ற குழப்பத்தில் நமது முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் அலைக்கழிக்கப்படுகிறார்கள். தோட்ட ஒபிசில் கேட்டால் கிராம உத்தியோகத்தரிடம் போகச் சொல்கிறார்கள். அவரிடம் போனால் பிரதேச செயலகம் என்கிறார். அங்கே போனால் சபையைக் கேளுங்கள் என்கிறார்கள். சபை மறுபடியும் தோட்டத்துரையைக் காட்டுகிறது. இந்தச் சுற்றில் ஒரு நாள் போகிறது, ஆட்டோவுக்குப் பணமும் போகிறது.

பணக் கொடுப்பனவுகளும் அட்டைகளும் பிரதேச செயலகத்தின் வேலை. அங்கே சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். 60 வயது நிறைந்தவர்களுக்கான முதியோர் அடையாள அட்டைக்கு அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்கு உரிய இடத்தைக் கொடுத்திருக்கிறது. 2025 ஆம் ஆண்டு அரசாங்க வரவு செலவுத் திட்டத்தில், 70 வயதுக்கு மேற்பட்ட குறைந்த வருமானமுடைய முதியோருக்கான கொடுப்பனவு 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளருக்கும் உரிய கொடுப்பனவு 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவானது.

ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் தோட்ட நிர்வாகத்தோடும் தொழில் திணைக்களத்தோடும் சம்பந்தப்பட்டவை. நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் சேவைக்காலப் பணம் கிடைக்கவேண்டும். வேலையிலிருந்து நின்று 30 நாட்களுக்குள் அது கைக்கு வந்திருக்கவேண்டும். தாமதம் இருந்தால் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள்.

பாதை, படிக்கட்டு, தெரு விளக்கு, பொதுக் குழாய், பொது மலசலகூடம், சந்தை, பஸ் தரிப்பிடம், வாசிகசாலை, மயானம், சபை நடத்தும் இலவச ஆயுர்வேத வைத்தியசாலை ஆகியவை சபையோடு சம்பந்தப்பட்டவை. முதியவர் ஒருவர் வாசலைத் தாண்டி வெளியே வர இவைதான் வேண்டும். பணக் கொடுப்பனவு வங்கியில் கிடக்கிறது, வங்கிக்குப் போக வழி இல்லை என்றால் அந்தப் பணம் யாருக்கு? கொடுப்பனவில் ஒரு பங்கை ஆட்டோவுக்கே கொடுத்துவிட்டு வீடு திரும்பும் எத்தனை பாட்டிமாரை நாம் பார்க்கிறோம். அரசாங்கம் ஒரு கையால் கொடுப்பதை மோசமான பாதை மறு கையால் பறித்துக்கொள்கிறது. அதனால்தான் சபையின் வேலையை ஒரு சிறிய வேலையாக நாம் நினைக்கக்கூடாது என்கிறோம்.

சபைகள் சொல்லும் மறுப்புகளையும் நாம் அறிவோம். அவற்றில் சில நியாயமானவை.

முதலாவது, பணம் இல்லை என்பது. புதிய பிரதேச சபைகளுக்கு வருமானம் குறைவு என்பது உண்மை. நகரம், சந்தை, கடைவரிசை இல்லாத சபையால் பெரிய திட்டங்களைத் தனியாகச் செய்ய இயலாது. ஆனால் நாம் கேட்பது கார்பட் பாதை மட்டுமல்ல. ஐம்பது படிக்கட்டுக்கு ஓரமாக ஓர் இரும்புக் குழாயைக் கைப்பிடியாகப் பொருத்த எவ்வளவு செலவாகும்? உடைந்த பத்துப் படியைச் சீமெந்து போட்டுத் திருத்த எவ்வளவு? லயத்து முனையில் ஒரு விளக்குக்கு எவ்வளவு? குழாய், சீமெந்து, மணலைச் சபை கொடுத்தால் சிரமதானத்துக்குத் தோட்டத்தில் ஆள் இருக்கிறது. ஒரு டிவிசனுக்கு ஒரு வேலை என்று வருடா வருடம் செய்தாலே ஒரு சபையின் பதவிக்காலத்துக்குள் நிலைமை மாறும்.

இரண்டாவது, காணி கம்பனிக்குச் சொந்தம் என்பது. தோட்டக் காணிகள் 1992 முதல் கம்பனிகளுக்கு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டவை. காணி அரசாங்கத்தினுடையது. இருந்தாலும் வேலை தொடங்கும்போது தகராறு வராமல் இருக்க, தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். தோட்டக் கமிட்டி துரையைச் சந்தித்துக் கேட்கட்டும். படிக்கட்டுக்குக் கைப்பிடி போடுவதை எழுத்தில் மறுக்க எந்தத் துரையும் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார். மறுத்தால் அந்த மறுப்பைச் சங்கத்துக்கு அனுப்புங்கள், மேலிடத்தில் நாம் பேசுவோம்.

இதைச் சொல்லும்போதே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். சபை வந்துவிட்டது என்பதற்காகக் கம்பனி கையைக் கழுவிவிட முடியாது. இந்த முதியோரின் உழைப்பில்தான் இந்த மலைகள் இன்றும் பச்சையாக நிற்கின்றன. தோட்ட டிஸ்பென்சரி ஒழுங்காகத் திறப்பதும், லயத்துக் கூரையைத் திருத்துவதும், வேலையிலிருந்து நின்றவர்களை வீட்டைவிட்டு எழுப்பாமல் இருப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும் இதில் கடமை உண்டு. சபையைக் கேட்பது நிர்வாகத்தைக் கேட்பதற்குப் பதிலாக ஆகிவிடக்கூடாது. இரண்டு இடத்திலும் கேட்கவேண்டும்.

மூன்றாவது மறுப்பு வெளியே சொல்லப்படுவதில்லை. "வயதுபோனவர்கள், அவர்களுக்கு எதற்கு?" என்பதுதான் அது. இந்த எண்ணம் சில வேளை நமது லயங்களிலேயே கேட்கிறது. கண் தெரியாத தாத்தாவுக்கு விளக்கு எதற்கு, நடக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் பேரப்பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிப் பள்ளிக்கு அனுப்புவது யார்? மகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே வீட்டைக் காப்பது யார்? பாட்டி படியில் விழுந்து இடுப்பு முறிந்தால் மருமகளின் பேர் நின்றுவிடுகிறது, குடும்பத்தின் சம்பளம் குறைகிறது. கைப்பிடிக் கம்பி அந்தக் குடும்பம் முழுவதற்கும்தான். கர்ப்பிணிப் பெண்ணும், கொழுந்து சுமக்கும் பெண்ணும், சிறுபிள்ளையும் அதே கம்பியைத்தான் பிடிக்கப்போகிறார்கள்.

மாற்றுத்திறனாளிகளின் விடயத்தில் சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் அவர்களைப் பாரபட்சமாக நடத்தக்கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் 2006 இல் வந்த ஒழுங்குவிதிகள், அப்போது இருந்த பொதுக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகள் உள்ளே வரக்கூடியவாறு மூன்று வருடத்துக்குள் மாற்றவேண்டும் என்றன. அந்தத் தவணை முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. 2016 இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அப்படியிருந்தும் மாடியில் இயங்கும் காரியாலயங்களும், சாய்தளம் இல்லாத வாசல்களும், சக்கரநாற்காலி நுழையாத மலசலகூடங்களும் நமது பிரதேசங்களில் இன்னும் உண்டு. சபை உறுப்பினர்கள் முதலில் தங்கள் சபைக் கட்டடத்தின் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

எனவே வரும் வரவு செலவுத் திட்டத்துக்காக ஒவ்வொரு சபையிடமும் நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. சபை எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு டிவிசனிலும் முதியோர், மாற்றுத்திறனாளிகள் விபரத்தைத் திரட்டி ஒரு பதிவேடு வைத்தல்.

2. லயத்திலிருந்து பாதைக்கு வரும் படிக்கட்டுகளைத் திருத்தி, கைப்பிடிக் கம்பியும் விளக்கும் பொருத்துவதற்கு வரவு செலவுத் திட்டத்தில் தனியான ஒதுக்கீடு.

3. பொது மலசலகூடங்களில் உட்காரும் கொமட்டும் கைப்பிடியும் உள்ள ஓர் அறை. குனியமுடியாதவர்களும் திறக்கக்கூடிய உயரத்தில் பொதுக் குழாய்.

4. மூடிக்கிடக்கும் பழைய பிள்ளைக்காம்பரா போன்ற கட்டடங்களை நிர்வாகத்தோடு பேசிப் பெற்று, முதியோர் பகலில் கூடியிருக்க இடம் செய்தல். ஆயுர்வேத வைத்தியர் மாதத்தில் ஒரு நாளாவது அங்கே வருதல்.

5. பிரதேச செயலகத்தோடு சேர்ந்து தோட்டத்துக்கே வரும் நடமாடும் சேவை. அடையாள அட்டை, கொடுப்பனவு, முதியோர் அட்டை, மூக்குக்கண்ணாடி, சக்கரநாற்காலி விண்ணப்பங்கள் அனைத்தையும் ஒரே நாளில் ஓரிடத்தில் தமிழில் முடிக்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

6. சபைக் காரியாலயமும் உப காரியாலயமும் சந்தையும் பஸ் தரிப்பிடமும் சாய்தளத்தோடு இருத்தல்.

அடையாள அட்டையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 ஒப்பந்தத்தால் பிரிக்கப்பட்டு, 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்கள் வரை காத்திருந்த தலைமுறைதான் இன்றைய நமது முதியோர். வீட்டில் பிறந்து, பிறப்புப் பதிவு இல்லாமல் வளர்ந்தவர்கள் அவர்களில் உண்டு. பெயர் ஓர் அட்டையில் ஒருவிதமாகவும் தோட்டப் பதிவில் வேறுவிதமாகவும் இருக்கும். எழுத்துப் பிழை ஒன்றினால் கொடுப்பனவு நின்றவர்களும் இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அவர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போக வீட்டில் படித்த ஒரு பிள்ளை முன்வந்தால் போதும்.

சபை என்ன செய்கிறது என்று அறியும் உரிமையும் நமக்கு உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் சபையிடம் கேட்கலாம். கடந்த வருடம் தோட்டப் பகுதிகளுக்கு எவ்வளவு செலவிட்டீர்கள், அதில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எவ்வளவு என்று தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். ஒரு தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் போனால் கோப்பில் தூங்கும். இருபது தோட்டங்களிலிருந்து இருபது கடிதம் போனால் தவிசாளரின் மேசைக்கு வரும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்மாருக்கும் மாதர் தலைவிகளுக்கும் இம்மாதத்துக்கு ஒரு வேலை கொடுக்கிறோம். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு லயம் லயமாகப் போங்கள். 60 வயது கடந்தவர்கள், நடக்க இயலாதவர்கள், பார்வை, செவிப்புலன், பேச்சு இயலாதவர்கள், மனநோயால் வாடுபவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் என்று எழுதுங்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளையை வெட்கத்தால் உள்ளே வைத்திருக்கும் வீடுகளும் இருக்கும். அங்கே மாதர் தலைவிகள் நிதானமாகப் பேசுங்கள். அடையாள அட்டை உண்டா, கொடுப்பனவு கிடைக்கிறதா, என்ன தேவை என்று ஒவ்வொருவருக்கும் நேராக எழுதுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் வாயால் கேட்டு எழுதுங்கள். பாதைக்கு வர எத்தனை படி என்பதையும் எண்ணிக் குறியுங்கள். ஒரு பிரதி சபைக்கு, ஒரு பிரதி பிரதேச செயலகத்துக்கு, ஒரு பிரதி சங்கத்துக்கு. கையளிக்கும்போது திகதியும் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சபை உறுப்பினர்களே, நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, இந்தப் பட்டியல் உங்கள் கைக்கு வரும்போது அதில் கட்சி பார்க்காதீர்கள். அதில் இருப்பவர்களில் பலர் உங்களைத் தூக்கி வளர்த்தவர்கள். தேர்தல் அன்று அவர்களை ஆட்டோவில் ஏற்றி வாக்குச்சாவடிக்குக் கொண்டுபோக உங்களால் முடிந்தது. மற்ற நாட்களிலும் அவர்கள் தாங்களாக நடந்து வருவதற்குப் பாதையைச் செய்துகொடுங்கள்.

சந்தா நிற்கும் நாளோடு ஒரு தொழிலாளிக்கும் சங்கத்துக்கும் உள்ள உறவு முடிந்துவிடுவதில்லை. பேர் போடும் வயதில் போராடி உரிமை வாங்கித் தந்தவர்கள் அவர்கள். அவர்களின் தேவைகளை நமது கோரிக்கைகளில் முதலிடத்தில் வைப்போம். வரவு செலவுத் திட்டம் சபையில் சமர்ப்பிக்கப்படும் நாளில் பார்வையாளர் பகுதியில் நமது தோட்டங்களிலிருந்து ஆட்கள் இருக்கட்டும். கொப்பிகள் அதற்கு முன் சபைக்குப் போய்ச் சேரட்டும்.